சிலுவை போட்ட சொல்

பூதலிங்கம் ஐயாவிடம் பாடம் கேட்க வந்தவர்களில் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் திருச்சிற்றம்பலம். ஐயாவுக்கு அப்போது நாற்பத்தொன்று. திருச்சிற்றம்பலத்துக்கு ஐம்பத்தேழு.

காவிரிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு ஜமீனில் வித்துவான் பட்டமும், சரிகைக் கரை போட்ட சால்வையும் வாங்கியவர். பூதலிங்கம் ஐயா எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் விற்ற குடும்பம். போகிற ஊரில் காதில் விழுந்த சொற்களை எழுதி எழுதி வைத்தார். ஒரு நாள் பார்த்தால் அது அகராதி அளவுக்கு வளர்ந்திருந்தது. அதில் ஒரு பகுதி அச்சாகி, எப்படியோ திருச்சிற்றம்பலத்தின் கைக்குப் போனது. படித்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்கு வந்து, ஐயாவின் வாசலில் நின்றார்.

"என்னைச் சீடனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்."

"நீங்கல்லா எனக்குச் சொல்லித்தரணும்?" என்றார் ஐயா.

"சொல்லித்தந்ததெல்லாம் போதும் ஐயா. இனி நான் கேட்கிறேன்."

கேட்கிறேன் என்று சொல்வது சுலபம்.

ஐயா அவருக்கு மாடியில் ஓர் அறை கொடுத்தார். அடுத்த வீட்டுப் பெண்களின் பேச்சு எழுத்து வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, முதல் வாரமே திருச்சிற்றம்பலம் கிழக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டார். அப்புறம் இரண்டு வருஷம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். அவர் உழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஐயா உகர வரிசை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார்.

அந்த அகராதியில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஓர் எழுத்தை யார் தொகுத்தாரோ, அந்த எழுத்து முடிகிற இடத்தில் அவர் பெயர் அச்சாகும். உகரம் முடிகிற இடத்தில் 'திருச்சிற்றம்பலம்' என்று வரும். வாழ்நாளெல்லாம் பிறர் எழுதிய புத்தகத்தைப் பாடம் நடத்திய மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அச்சில் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கூடப் பார்த்திருந்தார்.

இன்னொரு வழக்கம், செத்துப்போன சொல்லுக்கு அடையாளம் வைப்பது. பாட்டில் இருந்து பேச்சில் இல்லாமல் போன சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவைக் குறி விழும்.

உகரத் தாள்கள் திங்கட்கிழமை அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை காலையில் ஐயா கடைசித் தடவையாக அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"வித்துவானே, 'உணங்கு' செத்துப்போச்சா?"

"ஆம் ஐயா."

"எப்படித் தெரியும்?"

"பதினோரு புலவர்களுக்கு எழுதிக் கேட்டேன். கும்பகோணம், மதுரை, சென்னை. பதினொருவரும் வழக்கில் இல்லை என்று பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் இருக்கின்றன."

"பொருள் நாலு போட்டிருக்கீங்க. உலர்தல், காய்தல், வற்றுதல், வாடுதல். இந்த நாலுல எது?"

"நான்கும் ஒன்றுதானே ஐயா? ஈரம் போவது."

ஐயா அந்தச் சொல்லிலிருந்து விரலை எடுக்கவில்லை. திருச்சிற்றம்பலத்துக்கு முகம் லேசாகச் சிவந்தது.

"வேறு பொருள் இருந்தால் ஐயா சொல்ல வேண்டும்."

ஐயா எழுந்து குடையை எடுத்தார். "சால்வையைப் போட்டுக்கிடுங்க. ஏழு மைல் நடக்கணும்."

ஏழு மைலும் தெற்கே கடலைப் பார்த்து நடந்தார்கள். புன்னைத்துறை என்கிற மீனவர் ஊர் வந்தது. கோயில் கோபுரத்துச் சிலுவை தெரிவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. திருச்சிற்றம்பலம் பிறந்ததிலிருந்து சைவம். சால்வை முனையால் மூக்கை மூடிக்கொண்டார்.

கோயிலுக்குப் பின்னால் மணல் பரந்த ஒரு முற்றம். தென்னங்கீற்றுகளை வரிசையாக விரித்து, அதன்மேல் உப்பிட்ட மீனைப் பரப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் நெத்திலி. ஒரு பக்கம் வாள் போல நீளமான வாளை மீன். நடுவில் கையில் ஒரு நீளக் கம்போடு, காக்கையை விரட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம். காதில் பாம்படம்.

"வாங்க தம்பி, பாத்திரக்காரரே! வண்டி எங்க?" என்றாள்.

"வண்டியெல்லாம் வித்தாச்சு சவேரியாளக்கா. இவரு வித்துவான். என்னைவிடப் படிச்சவரு. ஒரு சொல்லைக் கேக்க வந்திருக்காரு."

"என்கிட்டயா? எனக்குக் கைநாட்டாக்கும்."

ஐயா 'உணங்கு' இருந்த தாளை மடியிலிருந்து எடுத்துத் திருச்சிற்றம்பலத்தின் கையில் கொடுத்தார். "அந்தச் சொல்லை அக்கா முன்னால ஒரு தடவை சொல்லுங்க. அவங்க திருத்தாம இருந்தா வீட்டுக்கு வாங்க."

"ஒரே தடவையா?"

"திருத்தாம ஒரே தடவை போதும்."

"முடியவில்லை என்றால்?"

"திங்கட்கிழமை தாள் போயிரும். அந்த ஒரு வரியை மட்டும் வெறுமையா விட்டு அனுப்புதேன். கீழ உங்க பேரு இருக்கும்."

ஐயா குடையை விரித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

தன் பெயருக்கு மேலே, வெறுமையாக ஒரு வரி. திருச்சிற்றம்பலத்துக்கு அதை நினைத்தே வாய் கசந்தது. சரி, ஒரு சொல்தானே. முற்றத்தைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். காலையில் பரப்பிய நெத்திலியில் ஈரத்தின் சுவடே இல்லை. வெள்ளி போல மின்னியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் சொல்வது போலச் சொன்னார்:

"மீன் உணங்கிவிட்டது."

சவேரியாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"உணங்கிட்டா? காலையில போட்டது இப்போ உணங்குமா? மேலு உலந்திருக்கு, அவ்வளவுதான். காத்துப் பட்டா எதுவும் உலரும். நான் மூஞ்சி கழுவினா அதுவும்தான் உலரும். அதுக்காக நான் உணங்கிட்டேன்னு சொல்லுவீரா?"

திருச்சிற்றம்பலம் குனிந்து கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவளும் எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன, சிலுவை போட்டிருக்கு? நீரு நம்ம வேதக்காரரா?"

"இல்லை அம்மா. இறந்துபோன சொல்லுக்கு அப்படிக் குறி போடுவது எங்கள் வழக்கம்."

"எந்தச் சொல்லு?"

"உணங்கு."

அவள் கம்பை மணலில் ஊன்றினாள். "காலையில இருந்து நாப்பது மட்டம் சொல்லியாச்சு. எனக்கும் சேத்து ஒரு சிலுவை போட்டிரும்."

அன்று இரவு அவர் அந்த ஊரிலேயே தங்கினார். கோயிலை ஒட்டி வழிப்போக்கர் தங்க ஓர் அறை இருந்தது. ஊரில் எந்தச் சட்டியிலும் மீன் பட்டிருக்கும் என்பதால், கொண்டுவந்த அவலை ஒரு சிரட்டையில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை வந்தது. மீன் அவருக்குத் தெரியாத பொருள். தெரிந்த பொருளில் அல்லவா சொல்லிப் பார்க்க வேண்டும்? வேட்டியைத் துவைத்து, அறைக்கு முன்னால் கொடியில் போட்டார். மத்தியானம் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று இருந்தது. நேரே முற்றத்துக்குப் போனார்.

"என் வேட்டி உணங்கிவிட்டது."

சவேரியாள் வாளையைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரோடு கொடிவரை நடந்து வந்தாள். வேட்டியின் நடுவைத் தொடவில்லை. கரையில் மடித்துத் தைத்திருந்த இடத்தை இரண்டு விரலால் நெருடினாள்.

"இங்க பிடிச்சுப் பாரும்."

பிடித்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"மடிப்பு உணங்கல. இப்பிடியே மடிச்சுப் பெட்டியில வச்சா நாளைக்கு எல்லா வேட்டியும் நாறும். உம்ம பொஞ்சாதி சொல்லித் தரலியா?"

"அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது."

சவேரியாள் வேட்டியைத் திருப்பி, மடிப்பு வெயிலைப் பார்க்கும்படி போட்டுவிட்டு நடந்தாள்.

அவர் பின்னாலேயே போனார். முற்றத்தின் ஓரத்தில் மீன் ஊறப்போடும் உப்புத் தண்ணீர்க் குழி ஒன்று இருந்தது. பழைய குழி. தண்ணீர் இல்லை. அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இது உள்ளுக்குள்ளும் ஈரமில்லாதது, இதில் யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தார்.

"இந்தக் குழியில் தண்ணீர் உணங்கிவிட்டது."

"வாத்தியாரே!" சவேரியாளுக்குக் கோபமே வந்துவிட்டது. "தண்ணி எங்கயாவது உணங்குமா? தண்ணி வத்தும். வத்தினா தண்ணி போச்சு. உணங்கினா மீன் இருக்குல்லா? போனதும் இருக்கதும் ஒண்ணா?"

திருச்சிற்றம்பலம் தாளை எடுத்து 'வற்றுதல்' என்பதைப் பென்சிலால் அடித்தார்.

"நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா. உணங்குவது என்றால் என்ன?"

"உணங்குறதுன்னா உணங்குறதுதான். இது என்ன கேள்வி?"

"எப்படித் தெரிந்துகொள்வது?"

"தொட்டுப் பாரும்."

"நான் சைவம்."

"தின்னவா சொன்னேன்? தொடத்தானே சொல்லுதேன்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவளும் வற்புறுத்தவில்லை. கீற்றின் ஓரத்தில், பாறையை ஒட்டிக் கிடந்த ஒரு வாளையை எடுத்துக் காட்டினாள். பாறைச் சூட்டில் அது பழுப்பாகிக் கிடந்தது. வளைத்தாள். சுள்ளி போல முறிந்தது.

"இது காஞ்சு போச்சு. வெயிலு வேண்டியதையும் சேத்துத் தின்னுட்டு. இதைக் காக்காய்க்குப் போடலாம், கொல்லத்துக்கு அனுப்ப முடியாது."

"கொல்லத்துக்கா?"

"பின்ன? என் கைப்பட்ட வாளை கொல்லம் வரைக்கும் போவுது. ஆறு மாசம் பெட்டியில கிடந்தாலும் ஒரு புழு வராது. மீன் கெட்டுட்டுன்னா வியாபாரி நேரா இந்த முற்றத்துக்குத்தான் வருவான். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒருத்தன் வந்ததில்ல."

சொன்னபோது அவள் தலை நிமிர்ந்திருந்த விதத்தைத் திருச்சிற்றம்பலம் பார்த்தார். பட்டம் வாங்கிய அன்று தானும் அப்படித்தான் நின்றதாக ஞாபகம். ஆனால் அன்று தன்னை நிமிர்த்தியது தோளில் விழுந்த சால்வை. இவள் தோளில் அழுக்குத் துண்டு ஒன்றுதான் கிடந்தது.

'காய்தல்' என்பதையும் அடித்தார்.

சனிக்கிழமை காலை முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்தின் ஓரத்துப் புன்னை மரத்தடியில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளையை எடுக்கிறாள். தலைக்குக் கீழே, முதுகு முள் ஓடுகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்குகிறாள். சிலதைத் திருப்பிப் போடுகிறாள். சிலதை எடுத்து ஓலைப்பெட்டியில் அடுக்குகிறாள். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியா வாத்தியாரே?" என்றாள் அவள், வேலையை நிறுத்தாமல்.

"இல்லை."

"நல்லது. வாயும் கொஞ்சம் வெயிலு காயட்டும்."

மத்தியானம் கடற்கரையில் கரைமடி வந்து சேர்ந்தது. பெரிய வலை, நிறைய மீன். ஊர்ப் பெண்களெல்லாம் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முற்றத்தில் சவேரியாளும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

மேற்கே ஒரு கறுப்பு எழுந்தது. முதலில் கை அகலம். பேசி முடிப்பதற்குள் பாதி வானம். மண்வாசனை வந்தது.

"அய்யோ, மாதாவே!" சவேரியாள் சேலையை இழுத்துச் செருகினாள். நெத்திலிப் பக்கம் ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள். "வாத்தியாரே! கிழக்க கிடக்க வாளையில உணங்கினதை மட்டும் அள்ளிப் பெட்டியில போடும்! உணங்காதது ஒண்ணு உள்ள போனாலும் பெட்டியே போச்சு!"

"எனக்கு எப்படி—"

"தொடும்வே!"

திருச்சிற்றம்பலம் கிழக்கே ஓடினார். ஐம்பத்தொன்பது வயதில், இதற்குமுன் கடைசியாக எப்போது ஓடினார் என்பது அவருக்கே தெரியாது. கீற்றின் முன்னால் மண்டியிட்டார். கை ஒரு முறை பின்வாங்கியது. அப்புறம் முதல் மீனை எடுத்தார்.

தலைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அமுக்கினார். தோல் பலகை போல இருந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை. ஆனால் வளைத்தால் வளைந்தது, முறியவில்லை. பெட்டியில் போட்டார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது மீன் தொடுவதற்கு அதே மாதிரிதான் இருந்தது. விரலை அழுத்தியபோது, முள்ளின் பக்கத்தில், ஆழத்தில், ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. வேட்டி மடிப்பில் கண்ட அதே சில்லிப்பு. அதைத் தள்ளி வைத்தார்.

பெட்டி நிறைந்துவிட்டது. தூறல் விழத் தொடங்கியது. இன்னும் பாதி மீன் கிடந்தது. திருச்சிற்றம்பலம் சுற்றுமுற்றும் பார்த்தார். தோளிலிருந்த சால்வையை உருவி மணலில் விரித்தார். அதில் அள்ளினார். ஒவ்வொன்றாகத் தொட்டு, அமுக்கி, அள்ளினார். சரிகைக் கரைமேல் மீன் செதில் ஒட்டியது. நான்கு முனையையும் சேர்த்து முடிச்சிட்டு, மூட்டையையும் பெட்டியையும் முற்றத்தை ஒட்டிய கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனார். தள்ளி வைத்த மீனை ஒரு கீற்றில் வாரி, தனியாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். மழை கொட்டத் தொடங்கியது.

நெத்திலியை அள்ளி முடித்துச் சவேரியாள் உள்ளே வந்தாள். இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள். அவள் பெட்டியில் கைவிட்டு அடியிலிருந்து ஒரு மீனை எடுத்து அமுக்கினாள். சால்வை மூட்டைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். பிறகு கீற்றில் தனியாகக் கிடந்தவற்றின் பக்கம் வந்தாள். பெரிய வாளை ஒன்றைத் தூக்கினாள்.

"இதை ஏன் விட்டீரு? நல்ல மீனாக்கும்."

திருச்சிற்றம்பலம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்ல நேரமில்லை.

"நடுமுள்ளுப் பக்கம் இன்னும் உணங்கல அம்மா. தொட்டுப் பாருங்கள்."

அவள் தொட்டுப் பார்த்தாள். "ம்" என்றாள். மீனைக் கீற்றில் பழையபடி வைத்துவிட்டு, பெட்டியை மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

"கொஞ்சம் நகரும். ஒழுகுது."

அவர் நகர்ந்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது, அவள் திருத்தவில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி அடித்தது. சவேரியாள் வெள்ளைச் சேலை உடுத்து, தலையில் முக்காடிட்டுப் பூசைக்குப் புறப்பட்டாள். திருச்சிற்றம்பலம் வழியில் நின்று கும்பிட்டார்.

"சொல்லு கிடைச்சுட்டா?" என்றாள்.

"கிடைத்தது. அகராதியில் உங்கள் பெயரைப் போட எனக்கு ஆசை."

"எதுக்கு?"

"சொல்லைக் கொடுத்தவர் நீங்கள்."

"நல்ல கூத்து. என் மீனுல என் பேரா எழுதியிருக்கு? தின்னு பாக்கிறவனுக்குத் தெரியும்." இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "அந்தச் சால்வையை உப்புத் தண்ணியில அலசாதீரும், சரிகை கறுத்துரும். ஊருல போய் நல்ல தண்ணியில அலசும். வாடை போவாது. ஆனாலும் அலசும்."

ஏழு மைல் நடந்து வீட்டுத் தெருவுக்கு வரும்போது உச்சி வெயில். அடுத்த வீட்டு மாடியில் ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து இன்னொருத்தி குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, பாவாடை நாடா உணங்கிட்டான்னு பாத்து எடு!"

திருச்சிற்றம்பலம் தெருவில் நின்றுவிட்டார். நிமிர்ந்து பார்த்தார். அந்த மாடிக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், அவருடைய அறையின் கிழக்குச் சன்னல். இரண்டு வருஷமாகச் சாத்தியிருந்தது.

மாடிக்குப் போனார். முதலில் சன்னலைத் திறந்தார். கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது. தோளால் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. அப்புறம் உட்கார்ந்து, சிலுவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த வரியைப் புதிதாக எழுதினார். நாலு தடவை எழுதிக் கிழித்தார். ஐந்தாவதைக் கீழே கொண்டுபோய் ஐயாவிடம் கொடுத்தார்.

ஐயா முதலில் மீன் வாடைக்கு மூக்கை உறிஞ்சினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "சொன்னீங்களா?"

"சொன்னேன் ஐயா."

"திருத்தினாங்களா?"

"நான்கு தடவை சொன்னேன். மூன்று தடவை திருத்தினார்கள்."

ஐயா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

'உணங்கு: ஈரம் உள்வரை நீங்கி, பொருள் கெடாது நிற்கும் பதம் அடைதல். மீன், நெல், துணி முதலியன. மேல் ஈரம் மட்டும் நீங்குவது உலர்தல். தென்கடல் ஓரத்தில் நாள்தோறும் வழங்குவது. "நடுமுள்ளுப் பக்கம் இன்னும் உணங்கல."'

"பழைய பாட்டு ரெண்டு மேற்கோள் வச்சிருந்தீங்களே?"

"கீழே இருக்கின்றன. இது மேலே இருக்கட்டும்."

"இது யாரு சொன்னது?"

"நான் சொன்னது." திருச்சிற்றம்பலத்தின் குரல் சற்று உயர்ந்தது. முப்பது வருஷப் பாடத்தில், பட்டம் வாங்கிய மேடையில், வராத ஒரு நிமிர்வு அந்தக் குரலில் இருந்தது. "நான் சொல்ல, அவர்கள் திருத்தாமல் விட்டது."

ஐயா பேனாவை எடுத்து சரி என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் தன் சுழியைப் போட்டார். தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து, கட்டுவதற்கு நூலை எடுத்தார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம்."

"சொல்லுங்க."

"உகரம் முடிகிற இடத்தில் என் பெயர் வேண்டாம். எடுத்துவிடுங்கள்."

ஐயாவின் கை நின்றது. "ஏன்?"

"அந்த அம்மாள் தன் மீனில் பெயர் எழுதுவதில்லை என்றார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது."

திறந்த சன்னல் வழியாக மாடியிலிருந்து அடுத்த வீட்டுப் பெண்களின் பேச்சு கீழே கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஐயா நூலைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"பேரு இருக்கட்டும் வித்துவானே. மீன் கெட்டா வந்து கேக்கதுக்கு அக்காவுக்கு ஒரு முற்றம் இருக்கு. உங்க சொல்லு கெட்டா, ஜனங்க எங்க வந்து கேக்கும்?"